அதே இடத்தில் மறுபடியும் நியூமோனியா: கைக்குழந்தைகளின் பிறவி நுரையீரல் குறைபாடுகளும் சத்திரசிகிச்சையும்

ஒரு கைக்குழந்தைக்கு ஒரு வருடத்துக்குள் இரண்டு மூன்று தடவை நியூமோனியா வந்தால் வீட்டில் பல காரணங்கள் சொல்லப்படும். பனி பட்டுவிட்டது, அடுப்புப் புகை ஒத்துக்கொள்ளவில்லை, தகப்பன் பக்கத்தில் முட்டு வருத்தம் இருக்கிறது என்பார்கள். வைத்தியசாலையில் அன்ரிபயோற்றிக் ஏற்றுவார்கள். காய்ச்சல் விடும், பிள்ளை சிரிக்கும், வீட்டுக்கு அனுப்புவார்கள். இரண்டு மாதம் கழித்து மறுபடியும் அதே கதை. அப்போது பெற்றோரும் வைத்தியரும் சேர்ந்து கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. போன தடவை வந்ததும் இந்தத் தடவை வந்ததும் நுரையீரலின் ஒரே இடத்திலா?

அடிக்கடி சளியும் இருமலும் வரும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானோருக்கு நுரையீரல் அமைப்பில் எந்தக் குறையும் இருப்பதில்லை. வைரஸ் தொற்று, முட்டு, வீட்டுக்குள் சிகரெட் புகை என்று சாதாரண காரணங்களே இருக்கும். ஆனால் ஒரு சிலரில் தாயின் வயிற்றிலேயே நுரையீரலின் ஒரு பகுதி பிழையாக உருவாகியிருக்கும். அந்தப் பகுதியில் சளி தேங்கும், கிருமி தங்கும். மருந்து கிருமியைக் கொல்லும். அது தங்கிய இடம் அப்படியே இருக்கும். இக்குறையைக் காலத்தோடு கண்டுபிடித்தால் பெரும்பாலும் ஒரு சத்திரசிகிச்சையோடு முடிந்துவிடும்.

எங்கே பிழைக்கிறது?

கரு உருவாகி நான்காவது வாரமளவில், உணவுக்குழாயாக மாறப்போகும் பகுதியிலிருந்து ஒரு சிறு மொட்டு வெளியே தள்ளுகிறது. அது இரண்டாகப் பிரிந்து, ஒரு வேப்பமரம் கொப்பு விடுவதைப் போலக் கிளைத்துக் கிளைத்து நுரையீரலாகிறது. வலது நுரையீரலில் மூன்று சோணைகள், இடதில் இரண்டு. இந்தக் கிளைவிடலில் எங்கோ ஓரிடத்தில் தடங்கல் ஏற்பட்டால் அந்தக் கொப்பு மட்டும் பிழையாக வளரும். இப்படி ஏற்படும் குறைபாடுகளில் நான்கு வகைகள் முக்கியமானவை.

முதலாவதை வைத்தியர்கள் சுருக்கமாக 'சீ.பி.ஏ.எம்.' என்று எழுதுவார்கள். நுரையீரலின் ஒரு பகுதியில் சாதாரண காற்றறைகளுக்குப் பதிலாகப் பெரிதும் சிறிதுமாக நீர்க்கட்டி போன்ற அறைகள் உருவாகியிருக்கும். இரண்டாவது, 'சீக்குவெஸ்ற்ரேஷன்' எனப்படும் தனித்துப்போன நுரையீரற் பகுதி. இது பிரதான மூச்சுக்குழாயோடு சரியாகத் தொடுக்கப்பட்டிருக்காது. அதற்கான இரத்தமும் வழமையான பாதையால் வராமல் பெருநாடியிலிருந்து நேரடியாகப் பிரியும் ஒரு குழாயால் வரும். மூன்றாவதில் ஒரு சோணைக்குள் போன காற்று வெளியே வரமுடியாமல் பலூன் போல ஊதிக்கொண்டே போகும். இது பெரும்பாலும் இடது மேற்சோணையில் ஏற்படுவது. நான்காவது, மூச்சுக்குழாய் உருவாகும்போது அதிலிருந்து பிரிந்த துண்டொன்று தனியான நீர்க்கட்டியாக வளர்வது. சில பிள்ளைகளில் முதலிரண்டு வகைகளும் ஒன்றாகவே இருப்பதுண்டு.

இவை அரிதானவை. சீ.பி.ஏ.எம். 25,000 முதல் 35,000 வரையான பிறப்புகளுக்கு ஒன்று என்பது பழைய கணக்கு. கர்ப்பகால ஸ்கான் பரவலான பிறகு, இக்குறைபாடுகளை மொத்தமாக எடுத்தால் சில ஆயிரம் பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் இருப்பதாகக் கணிக்கப்படுகிறது. நோய் கூடவில்லை. முன்பு எவர் கண்ணிலும் படாமல் போனவை இப்போது தென்படுகின்றன.

தாயின் பிழையா?

இந்த நோய் பெயரிடப்பட்டவுடன் தாய்மார் தம்மைத் தாமே விசாரிக்கத் தொடங்குகிறார்கள். பாரம் தூக்கியதாலா, பப்பாசிப்பழம் சாப்பிட்டதாலா, கிரகணத்தன்று வெளியில் போனதாலா? எமது சமூகத்தில் இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொள்கிறது. இன்று கைக்குழந்தையோடு கிளினிக்கில் இருக்கும் தாய்மாரில் பலர் 2009 இல் பதுங்குகுழிக்குள் இருந்த சிறுமிகள். அன்று சுவாசித்த புகை இன்று பிள்ளையின் நெஞ்சில் வந்து நிற்கிறதா என்று அவர்கள் கேட்பது இயல்பு.

இக்குறைபாடுகள் கர்ப்பத்தின் ஆரம்ப வாரங்களில், நுரையீரல் கிளைவிடும்போது ஏற்படுபவை. பெரும்பாலானவை குடும்பத்தில் வேறு எவருக்கும் இல்லாமல் தனித்தே தோன்றுகின்றன. தாய் உண்ட உணவோ செய்த வேலையோ பல வருடங்களுக்கு முன் சுவாசித்த புகையோ இதற்குக் காரணம் என்று மருத்துவம் காட்டவில்லை. யுத்தம் எமது உடல்களில் விட்டுச்சென்றவை நிறைய உண்டு. அவற்றைப் பற்றிப் பேசத்தான் வேண்டும். ஆனால் இந்தக் குற்றவுணர்வைத் தாயின் தலையில் ஏற்றுவதற்கு நியாயம் இல்லை. மாமியாரும் அயலவரும் இதைத் தெரிந்துவைத்திருப்பது தாய்க்குப் பெரிய ஆறுதல்.

வயிற்றில் இருக்கும்போதே தெரியுமா?

பல சந்தர்ப்பங்களில் தெரியும். கர்ப்பத்தின் 18 முதல் 22 வாரங்களுக்கு இடையில் சிசுவின் உறுப்பமைப்பைப் பார்ப்பதற்காக எடுக்கும் ஸ்கானில் நெஞ்சுக்குள் வெண்மையான ஒரு பகுதியோ கறுப்பு வட்டங்களாக நீர்க்கட்டிகளோ தென்படலாம். இருதயம் ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டிருப்பதும் ஓர் அறிகுறி. 'பிள்ளை நல்லாயிருக்கு' என்று கேட்பதற்காக மட்டும் எடுக்கும் அவசர ஸ்கானில் இவை தப்பிவிடலாம். ஆகவே உறுப்பமைப்பு ஸ்கானை அதற்குரிய வாரங்களில் எடுப்பது முக்கியம்.

கண்டவுடன் பயந்துவிடத் தேவையில்லை. இக்கட்டிகள் பெரும்பாலும் 28 ஆவது வாரமளவு வரை வளர்ந்து, பின்னர் வளர்ச்சி நின்று சுருங்கத் தொடங்கும். ஆபத்தை அளப்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. கட்டியின் நீளம், அகலம், உயரத்தை ஒன்றோடொன்று பெருக்கி, வருவதை 0.52 ஆல் பெருக்கி, சிசுவின் தலைச் சுற்றளவால் வகுப்பார்கள். விடை 1.6 ஐத் தாண்டினால் கட்டி இருதயத்தை நெருக்கி, சிசுவின் உடலில் நீர் கோர்க்கும் அபாயம் கூடுகிறது. அப்படியான தாயை அடிக்கடி ஸ்கான் செய்து பார்ப்பார்கள். குறைமாதப் பிரசவம் எதிர்பார்க்கப்படும்போது சிசுவின் நுரையீரல் முதிர்வதற்காகப் போடும் ஸ்ரெரொயிட் ஊசி, சில வகைக் கட்டிகளின் வளர்ச்சியையும் தடுக்க உதவுகிறது. பெரிய நீர்க்கட்டி ஒன்று இருந்தால் மெல்லிய குழாய் ஒன்றை வைத்து அதன் நீரைப் பனிக்குடத்துக்குள் வடியவிடும் முறையும் உண்டு. அது விசேட நிலையங்களில் மட்டும் செய்யப்படுவது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. கடைசி மாதங்களின் ஸ்கானில் சில கட்டிகள் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். சுற்றியுள்ள நுரையீரலின் நிறத்தோடு அது கலந்துவிடுவதே பெரும்பாலும் காரணம். 'மறைந்துவிட்டது' என்ற சொல்லைக் கேட்டு, பிறந்த பிறகு கிளினிக்குக்குப் போகாமல் விடுவது ஆபத்து. பிறந்த பின் சீ.ரி. ஸ்கான் எடுத்துப் பார்த்தால் அவற்றில் பல அப்படியே இருக்கும்.

சில இடங்களில் மேலதிக விளக்கத்துக்காகக் கர்ப்பவதிக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுக்கச் சொல்வார்கள். அது பலமான காந்தத்தால் இயங்கும் கருவி. உடலில் செல் துண்டோ சன்னமோ இருக்கும் தாய்மார் ஸ்கான் அறைக்குள் போவதற்கு முன்பே அதைக் கட்டாயம் சொல்லவேண்டும். உள்ளே இருக்கும் உலோகம் அசையவோ சூடேறவோ கூடும். பழைய காயம்தானே, நோவில்லையே என்று விட்டுவிடக் கூடாது. வயிற்று அல்ட்ராசவுண்ட் ஸ்கானுக்கு இந்தப் பிரச்சினை இல்லை.

பிறந்த பின்

குறைபாடுள்ள குழந்தைகளில் பெரும்பாலானோர் பிறக்கும்போது எந்தச் சிரமமும் இல்லாமல் அழுவார்கள், பால் குடிப்பார்கள். ஒரு பகுதியினருக்கே முதல் நாட்களிலோ வாரங்களிலோ மூச்சுச் சிரமம் வரும். வேகமான மூச்சு, நெஞ்சுக்கூட்டின் கீழ்ப்பகுதி உள்ளே இழுபடுதல், மூக்குத்துவாரம் விரிதல், பால் குடிக்கும்போது களைத்து நிறுத்துதல், உதடு நீலமாதல் என்பவை அதன் அறிகுறிகள்.

மூச்சை எண்ணிப் பார்ப்பது எந்த வீட்டிலும் முடியும். பிள்ளை அமைதியாக இருக்கும்போது, முழுதாக ஒரு நிமிடம் வயிறு ஏறி இறங்குவதை எண்ணுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலின்படி இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வேகமான மூச்சு. உதடு நீலமானால், நெஞ்சு உள்ளே இழுபட்டால், பால் குடிக்க முடியாமற் போனால் காத்திருக்க வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

ஊதிப்போன சோணை உள்ள குழந்தையின் எக்ஸ்ரேயில் நெஞ்சின் ஒரு பக்கம் கறுத்து, இருதயம் மறுபக்கம் தள்ளப்பட்டிருக்கும். நுரையீரல் வெடித்து வெளியே காற்றுச் சேர்ந்த நிலையும் ஏறத்தாழ அப்படியே தெரியும். அப்படி நினைத்து நெஞ்சுக்குள் குழாயைச் செருகினால் நிலைமை மோசமாகலாம். பிரிமென்றகட்டில் உள்ள ஓட்டையால் குடல் நெஞ்சுக்குள் ஏறிய குழந்தையின் படமும் நீர்க்கட்டிகளைப் போலவே தோன்றும். இதனால்தான் வைத்தியர்கள் ஒரு படத்தோடு முடிவெடுக்காமல் மேலும் பரிசோதனைகள் கேட்கிறார்கள். அது அலைக்கழிப்பு அல்ல.

அறிகுறி இல்லாத குழந்தையில் சாதாரண எக்ஸ்ரே சரியாகவே தோன்றலாம். உறுதிப்படுத்துவது, இரத்தக்குழாய்க்குள் நிறமருந்து ஏற்றி எடுக்கும் சீ.ரி. ஸ்கான். பிள்ளை நல்லாக இருந்தால் இதைப் பிறந்தவுடன் எடுக்காமல் முதல் சில மாதங்களுக்குள் எடுப்பார்கள். கதிர்வீச்சு இருப்பதால் தேவையில்லாமல் திரும்பத் திரும்ப எடுப்பதில்லை. எந்தச் சோணை பாதிக்கப்பட்டிருக்கிறது, பெருநாடியிலிருந்து வேறாக இரத்தக்குழாய் வருகிறதா என்ற இரண்டு விடயங்களையும் அது காட்டும். இரண்டாவது உயிரோடு சம்பந்தப்பட்டது. அப்படியொரு குழாய் இருப்பது தெரியாமல் சத்திரசிகிச்சையில் அது வெட்டுப்பட்டால் பெரும் இரத்தப்போக்கு ஏற்படும்.

பிறகு தெரியவருபவர்கள்

கருவிலும் பிறப்பிலும் கண்டுபிடிக்கப்படாத பிள்ளைகளே மாதக்கணக்கிலோ வருடக்கணக்கிலோ 'நியூமோனியாப் பிள்ளை', 'முட்டுப் பிள்ளை' என்ற பெயரோடு வைத்தியசாலைக்கும் வீட்டுக்கும் அலைபவர்கள். உதாரணத்துக்கு எட்டு மாதப் பிள்ளை ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதல் தடவை கிளிநொச்சியில், இரண்டாம் தடவை உறவினர் வீட்டுக்குப் போன இடத்தில் வவுனியாவில், மூன்றாம் தடவை யாழ்ப்பாணத்தில் அனுமதிக்கப்படுகிறது. மூன்று வைத்தியர்களும் தத்தமது முன்னால் இருக்கும் நியூமோனியாவுக்குச் சரியான மருந்தைக் கொடுக்கிறார்கள். மூன்று தடவையும் இடது கீழ்ச்சோணையே பாதிக்கப்பட்டது என்பதைக் காணக்கூடிய ஆள் எவரும் இல்லை, மூன்று காகிதங்களையும் ஒன்றாக வைத்துப் பார்க்காவிட்டால்.

ஆகவே எக்ஸ்ரேப் படங்கள், வீட்டுக்கு அனுப்பும்போது தரும் நோய் விபர அட்டைகள், கர்ப்பகால ஸ்கான் அறிக்கைகள், பிள்ளையின் சுகாதாரப் பதிவேடு எல்லாவற்றையும் ஒரே பையில் வையுங்கள். கைத்தொலைபேசியில் படம் எடுத்தும் வையுங்கள். இடம்பெயர்ந்த நாட்களில் எல்லாக் காகிதங்களையும் இழந்தவர்களுக்கு அதன் பெறுமதியைச் சொல்லித் தெரியவைக்கத் தேவையில்லை. ஒவ்வொரு தடவையும் 'எந்தப் பக்கம், எந்தச் சோணை?' என்று கேட்டு எழுதி வையுங்கள். நியூமோனியா குணமாகிச் சில வாரங்களின் பின் இன்னொரு எக்ஸ்ரே எடுத்து, அந்த நிழல் முற்றாகப் போய்விட்டதா என்று பார்ப்பதும் பயனுள்ளது.

ஒரே இடத்தில் திரும்ப வருவதற்கு வேறு காரணங்களும் உண்டு. தவழும் வயதில் கச்சான் பருப்போ புளியங்கொட்டையோ மூச்சுக்குழாயில் சிக்கியிருக்கலாம். காசநோய் இருக்கலாம். மூக்கில் எண்ணெய் விடும் பழக்கத்தால் எண்ணெய் நுரையீரலுக்குள் போவதும் நடக்கிறது. அந்தப் பழக்கத்தைக் கைவிடுவதே நல்லது. இவற்றையெல்லாம் பிரித்தறிவது வைத்தியரின் வேலை. அதற்கான தகவலைக் கொடுப்பது எங்கள் வேலை.

சத்திரசிகிச்சையில் என்ன நடக்கிறது?

மூச்சுச் சிரமம் உள்ள குழந்தைக்கும் மீண்டும் மீண்டும் தொற்று வரும் குழந்தைக்கும் சத்திரசிகிச்சை தேவை என்பதில் வைத்தியர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. வழக்கமாகப் பாதிக்கப்பட்ட சோணை முழுவதையும் அகற்றுவார்கள். மிகச் சிறிய குறைபாட்டில் அந்தத் துண்டை மட்டும் எடுப்பதும் உண்டு. விலா எலும்புகளுக்கு இடையில் வெட்டி உள்ளே போவது பழைய முறை. சில சிறு துளைகளால் கமராவையும் கருவிகளையும் செலுத்திச் செய்வது, 2000 ஆம் ஆண்டுக்குப் பின் குழந்தைகளிலும் பரவிய முறை. இரண்டாவதில் தழும்பும் நோவும் குறைவு. விலாவும் முதுகெலும்பும் பின்னாளில் கோணலாகும் வாய்ப்பும் குறைவு. ஆனால் அதற்குக் கருவியும் பழகிய கையும், குழந்தைகளுக்கு மயக்கமருந்து கொடுப்பதில் தேர்ந்த வைத்தியரும் வேண்டும். அனுபவமுள்ள கையால் வெட்டித் திறந்து செய்வது எந்த வகையிலும் குறைந்த சிகிச்சை அல்ல.

இது புதிதாக வந்த துணிச்சலும் அல்ல. அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் றொபேட் குறொஸ் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், மூன்று வாரக் குழந்தையின் நீர்க்கட்டி நிறைந்த நுரையீரலொன்றை அகற்றிக் காப்பாற்றியதை 1946 இலேயே மருத்துவ இதழில் எழுதினார்.

சத்திரசிகிச்சைக்குப் பிறகு நெஞ்சிலிருந்து ஒரு குழாய் போத்தலுக்குள் போகும். உள்ளே சேரும் காற்றையும் நீரையும் வெளியேற்றுவதற்கு அது தேவை. பெரும்பாலும் சில நாட்களில் எடுத்துவிடுவார்கள். காற்றுக் கசிவு, இரத்தப்போக்கு, தொற்று என்பன ஏற்படக்கூடிய சிக்கல்கள். தொற்று எதுவும் இல்லாத நேரத்தில் திட்டமிட்டுச் செய்யும்போது அவை குறைவு. பல தடவை தொற்று வந்த நுரையீரல் நெஞ்சுச் சுவரோடு ஒட்டிப்போயிருக்கும் என்பதால் அப்போது வேலை கடினமாகிறது.

'ஒரு சோணையை எடுத்தால் பிள்ளை எப்படி ஓடி விளையாடும்?' என்பதே பெற்றோரின் பெரிய பயம். பிறக்கும்போது குழந்தையின் நுரையீரலில் உள்ள காற்றுச் சிற்றறைகள் வளர்ந்தவருக்கு இருப்பவற்றில் ஒரு பங்குதான். வளர்ந்தவரிடம் ஏறக்குறைய 300 முதல் 500 மில்லியன் வரை இருக்கும். புதிய சிற்றறைகள் முதல் இரண்டு மூன்று வருடங்களில் வேகமாக உருவாகின்றன. ஆகவே சிறுவயதில் ஒரு சோணையை இழந்த பிள்ளையின் மீதி நுரையீரல் விரிந்தும் வளர்ந்தும் அந்த இடத்தை நிரப்புகிறது. இப்பிள்ளைகளில் பெரும்பாலானோர் மற்றப் பிள்ளைகளைப் போலவே ஓடுகிறார்கள், பாடசாலை விளையாட்டுப் போட்டிக்கும் போகிறார்கள்.

நல்லாக இருக்கும் பிள்ளையை வெட்டுவதா?

ஸ்கானில் குறைபாடு தெரிகிறது. ஆனால் பிள்ளை கொழுகொழுவென்று இருக்கிறது. இங்கேதான் முடிவு கடினம். உலகளவில் வைத்தியர்களே இரண்டு பக்கமாக நிற்கிறார்கள்.

சத்திரசிகிச்சையை ஆதரிப்போர், பின்னர் தொற்று வரலாம் என்பதையும், தொற்றுக்குப் பின் வெட்டுவது கடினம் என்பதையும், சிறுவயதில் செய்தால் நுரையீரல் வளர்ந்து ஈடுசெய்யும் என்பதையும் சொல்கிறார்கள். இவர்கள் வழக்கமாக மூன்று மாதத்துக்கும் ஒரு வயதுக்கும் இடையில் செய்ய விரும்புவர். மிக அரிதாக, நீர்க்கட்டி போலத் தோன்றுவது நுரையீரலில் தோன்றும் ஒரு குழந்தைப் புற்றுநோயாக இருப்பதும் உண்டு. ஸ்கானை வைத்து மட்டும் இரண்டையும் பிரிப்பது கடினம். 'டைசர் 1' என்ற மரபணுவில் ஏற்படும் மாற்றத்தோடு அதற்குத் தொடர்பு இருப்பது 2009 இல் தெரியவந்தது. குடும்பத்தில் சிறுவயதுப் புற்றுநோய் எவருக்கும் வந்திருந்தால் அதை வைத்தியரிடம் சொல்லுங்கள். அகற்றிய பகுதி பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பப்படும். அதன் அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள்.

காத்திருக்கலாம் என்போர், அறிகுறியே இல்லாத பல பிள்ளைகள் நெடுங்காலம் பிரச்சினையில்லாமல் இருப்பதையும், மயக்கமருந்துக்கும் சத்திரசிகிச்சைக்கும் தமக்கே உரிய ஆபத்து உண்டு என்பதையும் சொல்கிறார்கள். ஆனால் காத்திருப்பது என்பது கிளினிக்கைத் தவறவிடாமல் போவது, காய்ச்சல் வந்தால் உடனே காட்டுவது, சொன்ன நேரத்தில் ஸ்கான் எடுப்பது. வைத்தியசாலைக்கு ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலியை இழக்கும் குடும்பத்துக்கு அது எவ்வளவு முடியும் என்பதும் அந்த முடிவின் ஒரு பகுதி. தூரம், பஸ், வேலை, வீட்டில் இருக்கும் மற்றப் பிள்ளைகள் பற்றி வைத்தியரிடம் வெளிப்படையாகச் சொல்லலாம். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

கேட்கவேண்டியவை

சிக்கலான பிள்ளைகளைக் கொழும்பு லேடி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலை போன்ற பெரிய வைத்தியசாலைகளுக்கு அனுப்ப நேரிடலாம். அரச வைத்தியசாலைகளில் சிகிச்சைக்குப் பணம் இல்லை. போய்த் தங்கி நிற்பதற்குத்தான் செலவு. அதைவிடப் பெரிய தடை மொழி. விளங்காத மொழியில் சொல்லப்பட்டதற்குத் தலையாட்டி, விளங்காத படிவத்தில் கையெழுத்து வைத்து வரும் பெற்றோர் எம்மிடையே இருக்கிறார்கள். தமிழ் இந்நாட்டின் அரசகரும மொழிகளில் ஒன்று. தமிழ் தெரிந்த தாதியையோ வைத்தியரையோ அழைத்து விளங்கப்படுத்துமாறு கேட்பது உரிமை. கையெழுத்து வைப்பது அதற்குப் பிறகுதான்.

கேட்கவேண்டிய கேள்விகள் ஐந்து. குறைபாடு எந்தச் சோணையில், எந்த வகை? பெருநாடியிலிருந்து தனி இரத்தக்குழாய் வருகிறதா? இப்போது செய்யாவிட்டால் என்ன நடக்கலாம்? எங்கே, எந்த முறையில் செய்வார்கள்? வீட்டுக்குப் போன பின் எந்த அறிகுறியைக் கண்டால் உடனே திரும்பி வரவேண்டும்?

அதுவரை வீட்டில் செய்யக்கூடியவை எளிமையானவை. தாய்ப்பாலைத் தொடருங்கள். இரண்டு, நான்கு, ஆறாம் மாதத் தடுப்பூசிகளைத் தவறவிடாதீர்கள். நியூமோனியாவை உண்டாக்கும் ஒரு முக்கியமான கிருமிக்கு எதிரான மருந்தும் அதில் சேர்ந்திருக்கிறது. பிள்ளை படுக்கும் அறையில் சிகரெட்டும் நுளம்புத்திரியும் வேண்டாம். இவை பிறவிக் குறைபாட்டை மாற்றாது. ஆனால் சத்திரசிகிச்சை நாள் வரும்போது பிள்ளை காய்ச்சலும் சளியும் இல்லாமல் மேசையில் ஏறுவதற்கு உதவும். அந்த நாளில் வைத்தியர் எதிர்பார்ப்பதும் அதைத்தான்.